புது சைக்கிளில் பழுதா? கடைக்குக் கொண்டுபோகும் முன்பு இதைப் படியுங்கள்

சைக்கிள் வாங்கி இரண்டாவது நாள். இடது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு சின்ன ‘டக்’. வலது காலுக்கு இல்லை, இடதுக்கு மட்டும். புது வண்டிதானே, ஓடி ஓடிப் பழகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது நாள் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது பெடல் செருப்போடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. விழாமல் தப்பித்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

பெடலை எடுத்துப் பார்த்தால் அதன் மரையில் வெள்ளி ஜரிகை மாதிரி எதுவோ சுற்றியிருந்தது. பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் உள்மரைதான் அப்படியே உரிந்து வந்திருந்தது. கடையில் காட்டினேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “சத்தம் வந்தப்புறமும் ரெண்டு நாள் ஓட்டினீங்களா?” ஆமாம் என்றேன். அந்த ஒரு பதிலில் நியாயத்தில் பாதி அவர் பக்கம் போய்விட்டது.

புது வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகும்போது பழுது இருக்கிறதா இல்லையா என்பதில் பெரும்பாலும் தகராறே வராது. கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். அதை யார் செய்தது என்பதில்தான் தகராறு. கடையா, கம்பெனியா, நீங்களா? கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்வியில் உங்கள் பக்கம் தெளிவாக இருப்பதற்காகத்தான்.

முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள்

சந்தேகம் வந்த நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். வீட்டுக்கானாலும் கடைக்கானாலும் உருட்டிக்கொண்டு போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். வலது பெடலை வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். இடது பெடலை இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அவசரத்தில் கோணலாக மாட்டினாலோ, பாதி இறுக்கிவிட்டு விட்டாலோ அந்த ஏற்பாடு காப்பாற்றாது. பெடலின் அச்சு எஃகு. கிராங்க் பல வண்டிகளில் அலுமினியம். தளர்ந்த எஃகு, அலுமினியத்தை ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். முதல் நாள் ஸ்பேனரால் ஒரு திருகு போட்டால் தீர்ந்திருக்கும் வேலை, நான்காவது நாள் கிராங்கையே மாற்றும் வேலையாகிவிட்டது. மரை கழன்ற கேஸ் என்று யாரையாவது திட்டினால் இப்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராங்க்தான் ஞாபகம் வருகிறது.

நீங்களே இறுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் வேறு மெக்கானிக்கிடம் காட்டவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் யார் கை வைத்தாலும், பிறகு “வெளியே வேலை பார்த்த வண்டி” என்ற பெயர் வந்துவிடும்.

இது பழுதா, பழக வேண்டியதா?

எல்லாச் சத்தமும் பழுதல்ல. புதிய கியர் கேபிள் முதல் சில வாரங்களில் கொஞ்சம் உட்கார்ந்து தளரும். கியர் தானாகத் தாவும், அல்லது மாறச் சண்டித்தனம் செய்யும். சிறு சரிசெய்தலில் போய்விடும். பல கடைகள் முதல் சர்வீஸை இலவசமாகச் செய்து தருவது இதற்குத்தான். முதல் முறை ஓட்டும்போது ஸ்போக்ஸ் கம்பிகள் ‘ட்டிங் ட்டிங்’ என்று சில தடவை ஒலிப்பதும் அப்படித்தான். புது டிஸ்க் பிரேக் முதலில் பிடிக்காமல் ஏமாற்றும். வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து, சக்கரம் நிற்கப்போகும் வரை சீராகப் பிடித்து விடுங்கள். இப்படி ஓர் இருபது தடவை செய்தால் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பழகும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை, கீச்சென்று கத்துகிறது என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம். அது பழுது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், கியர் லேசாகத் தாவுகிறது என்பதற்காகக் கடையில் போய்க் கூச்சல் போட்டுவிட்டால், அடுத்த முறை உண்மையான பழுதோடு போகும்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

ஆனால் “ஓட்ட ஓட்டச் சரியாகிடும்” என்று கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாதவை சில உண்டு. வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையை ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வண்டியின் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘லொடக்’ என்று ஓர் ஆட்டம் விரலில் தட்டுப்பட்டால் ஹேண்டில் பேரிங் சரியாகப் பொருத்தப்படவில்லை. அடுத்து, ஒரு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில், சட்டத்தை நோக்கியும் வெளியேயும் அசைத்துப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. ஆடினால் மறு கிராங்கையும் அசையுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சில் கோளாறு. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்கின் போல்ட் தளர்வு.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தெரியும் இடைவெளியைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டியானால் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி அதன் நுனியை ரிம் அருகே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அலைந்தால் பெரிய விஷயமில்லை. மூன்று மில்லிமீட்டர் அலைந்தால் கோட்டம் எடுத்தே ஆக வேண்டும். பிரேக் லீவரை முழுப் பலத்தோடு அழுத்திப் பாருங்கள். ஹேண்டில்பாரைத் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும்: ஃபோர்க் பின்முன்னாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வந்த வண்டியை அவசரமாகப் பூட்டும்போது நிஜமாகவே நடக்கும் தவறு இது. ஃபோர்க்கின் கால்கள் முன்னோக்கி வளைந்தோ சாய்ந்தோ இருக்க வேண்டும், ரிம் பிரேக் அதன் முன்பக்கம் இருக்க வேண்டும். ரிம் பிரேக் பின்பக்கம் போய்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியைத் திருப்பும்போது கால் விரல் சக்கரத்தில் இடிக்கும்.

கடைசியாக, சட்டத்தின் பற்றவைப்புகளை ஒரு டார்ச் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்து, நகத்தால் வருடினால் நகம் அதில் சிக்குகிறதா? அது கீறலா வெடிப்பா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

என்ன கேட்கப்போகிறீர்கள்?

பல பேர் இதை முடிவு செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள். கடைக்காரர் “சரி, என்ன பண்ணணும்னு சொல்றீங்க?” என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

பூட்டியதில் வந்த தவறு, அதாவது தளர்ந்த போல்ட், கோணல் சக்கரம், உரசும் பிரேக் போன்றவை என்றால், இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். வேறு வண்டி கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. வேறு வண்டியும் அதே கையால்தான் பூட்டப்படும். பாகமே கெட்டிருந்தால் புதுப் பாகம் கேளுங்கள். என் கிராங்க் விஷயத்தில், ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே ஓர் எஃகு வளையம் செருகி மரை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். பழைய வண்டிக்கு அது நல்ல வைத்தியம். நான்கு நாள் வண்டிக்கு வைத்தியம் எதற்கு? வேண்டாம் என்றேன்.

சட்டத்திலோ ஃபோர்க்கிலோ வெடிப்பு என்றால் பேரமே கிடையாது: மாற்று வண்டி அல்லது பணம். பற்றவைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே பழுது இரண்டு முறை சரிசெய்த பிறகும் திரும்பி வந்தாலும் பணத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நிறம் பிடிக்கவில்லை, உயரம் சரிப்படவில்லை என்பதெல்லாம் பழுதில் சேராது. அங்கே கடைக்காரரின் நல்ல மனசுதான் சட்டம்.

கிளம்பும் முன்

பில்லைத் தேடி எடுங்கள். கூடவே அதை ஒரு படமும் எடுத்து வையுங்கள். வெயில் பட்டால் எழுத்து மறையும் காகிதத்தில்தான் பாதிப் பில்கள் வருகின்றன. வண்டியைக் கவிழ்த்தால், பெரும்பாலான வண்டிகளில் கிராங்க் அச்சுக்கு அடியில் சட்டத்திலேயே ஓர் எண் குத்தியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் பில்லிலும் இருந்தால், இந்த வண்டி அவர்களிடம் வாங்கியதுதான் என்று காட்டப் பிறகு உதவும்.

பழுதைப் படம் எடுப்பதை விட வீடியோ எடுப்பது நல்லது. சத்தமும் ஆட்டமும் படத்தில் வராது. முதலில் முழு வண்டி, அப்புறம் அந்த எண், அப்புறம் பழுதான இடம் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். கடை வாசலில் போய் நின்றதும் சத்தம் நின்றுவிடும். பல் வலி போலத்தான், டாக்டரைக் கண்டதும் காணாமல் போகும்.

அப்புறம் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். எந்தத் தேதியில் வாங்கியது, எப்போது முதலில் கவனித்தது, எப்போது ஓட்டுவதை நிறுத்தியது, சுமாராக எவ்வளவு தூரம் ஓடியது. பழுதைச் சொல்லும்போது காரணத்தைச் சொல்லாமல் அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். “பேரிங் போச்சு” என்று எழுதினால் அவர்கள் பேரிங்கைப் பார்த்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்று வண்டியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். “உட்கார்ந்து மிதித்தால் இல்லை, எழுந்து நின்று மிதித்தால் மட்டும் இடது பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டக்” என்று எழுதினால் மெக்கானிக் பாதி தூரம் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

சேறு இருந்தால் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். பழுதான இடத்தில் மட்டும் துணி படக் கூடாது. என் பெடலில் ஒட்டியிருந்த அந்த அலுமினியச் சுருளை நான் துடைத்திருந்தால் பேச என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. நீங்கள் தனியாக வாங்கி மாட்டிய விளக்கு, பூட்டு, பாட்டில் தாங்கி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கடையில்

கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். விடுமுறை நாள் மாலையில் போனால் உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதிலேயே குறியாக இருப்பார்கள். விற்றவரிடம் கதை சொல்வதை விட மெக்கானிக்கை வரவழைத்து அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொல்வது மேல். “இங்கே கொஞ்சம் கை வைத்துப் பாருங்கண்ணே” என்பது பத்து நிமிட வாதத்தை மிச்சப்படுத்தும். தன் கையில் ஆட்டத்தை உணர்ந்த மெக்கானிக் முதலாளிக்காகக் கூட இல்லை என்று சொல்லத் தயங்குவார்.

வண்டியை விட்டுவிட்டு வரச் சொன்னால் எழுத்தில் ஒரு சீட்டு வாங்காமல் நகராதீர்கள். தேதி, வண்டி எண், நீங்கள் சொன்ன அறிகுறி, எப்போது தருவார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். சீட்டுப் போடும் பழக்கம் இல்லாத கடையானால் கைப்பேசியில் நீங்களே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்:

“வணக்கம். இன்று காலை என் புது சைக்கிளை இடது பெடல் கழன்ற பழுதுக்காக உங்கள் கடையில் விட்டிருக்கிறேன். புதிய கிராங்க் மாற்றி, வரும் சனிக்கிழமை தருவதாகச் சொன்னீர்கள். சரிதானே?”

‘சரி’ என்று ஒரு பதில் வந்தால் போதும். அதுவே சீட்டு.

கடையில் சில பதில்கள் தயாராக இருக்கும். “கம்பெனிக்குத்தான் எழுதணும், எங்க கையில இல்ல” என்பது முதலாவது. பணம் வாங்கிக்கொண்டு பில் போட்டது கடை. ஆகவே முதல் பொறுப்பும் கடையுடையது. கம்பெனி தரும் வாரண்டி அதற்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது. கம்பெனிக்கு எழுத வேண்டுமென்றால் அவர்களே எழுதட்டும். எழுதியதன் நகலைக் கேளுங்கள். “தள்ளுபடியில வாங்கினது” என்பது இரண்டாவது. பழுதைச் சொல்லி, அதற்காகவே விலை குறைத்திருந்தால் அந்தப் பழுதைப் பற்றி நீங்கள் பேச முடியாது. மற்றபடி விலை குறைந்ததற்காகப் பெடல் கழன்று விழலாம் என்று அர்த்தமில்லை. “பிரேக் கட்டை, டயர், ட்யூபெல்லாம் வாரண்டியில வராது” என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. தேயும் பாகங்கள் தேய்ந்ததற்கு வாரண்டி கிடையாது. ஆனால் முதல் வாரமே டயரின் பக்கச் சுவர் புடைத்தால் அது தேய்மானமல்ல.

நான்காவது பதில்தான் கடினம்: “நீங்க ஓட்டின விதத்துல வந்தது.” முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சீட் தண்டில் இதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 என்ற உலகத் தரநிலையே அந்தக் கோட்டைக் கேட்கிறது. கோடு வெளியே தெரியும்படி சீட்டை ஏற்றி ஓட்டிச் சட்டம் வெடித்திருந்தால் உங்கள் வழக்கு நிற்காது. வண்டி தாங்கும் எடை, டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவு, எல்லாமே அப்படித்தான். அங்கெல்லாம் உங்கள் மேல் தவறு இல்லையென்றால், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நிதானமாகக் கேளுங்கள்.

சில நாடுகளில் சட்டமே இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் 2012-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை முதலிலிருந்தே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் வேலை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்தியாவில் கடை அசைந்து கொடுக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மற்ற இடங்களில் இருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன்பே உங்கள் நாட்டு நுகர்வோர் அலுவலகத்தில் நாள் கணக்கை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நாள் தவறினால் மற்ற எதுவும் உதவாது. சட்டத்தின் பெயரை முதல் பேச்சிலேயே எடுக்காதீர்கள். அது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியது.

இணையத்தில் வாங்கியிருந்தால்

இங்கே ‘யார் செய்தது’ என்பது இன்னும் சிக்கல். பெட்டியில் வரும் வண்டியில் முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் இவற்றைப் பெரும்பாலும் நீங்கள்தான் மாட்ட வேண்டும். நீங்கள் மாட்டிய இடத்தில் பழுது வந்தால் விரல் உங்களை நோக்கித்தான் நீளும். கை பழகாதவர்கள் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டி அதற்கு ரசீது வாங்கிவிடுவது நல்லது. சில கம்பெனிகளின் வாரண்டி விதிகளே அந்த ரசீதைக் கேட்கும். பெட்டியைப் பிரிக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், குத்து, கிழிசல் இருந்தால் கொண்டுவந்தவர் முன்னாலேயே எடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் கெடு முடியும் வரை பெட்டியையும் உள்ளே இருந்த அட்டை, நுரை, ஃபோர்க்கின் கால்களுக்கு நடுவே வைத்திருந்த பிளாஸ்டிக் தாங்கி எல்லாவற்றையும் பரணில் போட்டு வையுங்கள். அந்தத் தாங்கி இல்லாமல் அனுப்பினால் வழியில் ஃபோர்க் நசுங்கலாம், அந்தப் பழியும் சேர்ந்துகொள்ளும்.

வண்டி திரும்பி வரும்போது

சரிசெய்த வண்டியை வாங்கியதும் வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எழுதிக் கொடுத்த அறிகுறி போய்விட்டதா என்பதோடு, புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்கு வாரண்டி எப்போதிலிருந்து என்றும் கேளுங்கள்.

எனக்குக் கடைசியில் புதுக் கிராங்கே போட்டுத் தந்தார்கள். பெடலுக்கு மட்டும் நான் பணம் கொடுத்தேன், சத்தம் வந்த பிறகும் ஓட்டியதற்கு அபராதம் என்று வைத்துக்கொண்டேன். மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வயதான மெக்கானிக் ஒருவர் மரையில் லேசாகக் கிரீஸ் தடவி, பெடலை ஓட்டையில் வைத்து, ஸ்பேனரைத் தொடாமல் விரலால் மட்டும் திருகினார். பாதிச் சுற்றில் அது கொஞ்சம் முரண்டியது. உடனே கழற்றி, நேராக வைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விரலிலேயே வழுவழுவென்று மூன்று சுற்று ஏறிய பிறகுதான் பின்னால் கையை நீட்டி ஸ்பேனரைக் கேட்டார்.